வாய் வைக்காமல் குடித்தவன்

முதலில் அந்தக் கோப்பையைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காற்றாட வைக்கச் சொல்லுங்கள், நஸீரா அக்கா. ஈரம் உள்ளே நின்றால் பூசணம் பிடித்துவிடும். தடயம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், சரி. அது ஜப்பானில் கையால் செய்து சூளையில் சுட்ட மண். தண்ணீரைக் குடிக்கும், மெதுவாகத்தான் விடும்.

இன்னொன்றையும் போலீஸ் கேப்டனிடம் அரபியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோப்பையின் அடியில் தெரியும் செம்பழுப்பு நிறம் ரத்தம் இல்லை, மண்ணில் உள்ள இரும்பு. உட்புறத்தில் முடிக்கோடு போல ஓடும் விரிசல்களில் லேசான ரோஜா நிறம் தெரிகிறதே, அதுதான் ரத்தம். இடம் மாற்றிச் சுரண்டினால் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு வீண் வேலை.

நான் விமல். ஊர் மாயவரம். அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை விரிவாக்கும் வேலையில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். வரைபடங்களுக்கு முத்திரை குத்தி அலமாரியில் அடுக்கும் உத்தியோகம். அதற்கு நான்கு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். இறந்தவர் ரெங்கராஜ், வெல்டிங் இன்ஸ்பெக்டர், தேனிக்காரர், கம்பெனி ஃபிளாட்டில் என்னோடு இருந்தவர். நான் அவரை ரெங்கண்ணே என்று கூப்பிடுவேன். அவரை அடித்தது நான்தான், அதில் யாருக்கும் குழப்பம் இருக்க வேண்டாம்.

"தம்பி, வக்கீல் வர்ற வரைக்கும் நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்லன்னு கேப்டன் சொல்றார்."

"பரவாயில்லக்கா. வக்கீல் வந்தா நடுவுல நடுவுல பேசுவாரு."

காரணத்தைத்தான் கேப்டன் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பணமா என்கிறார், பெண்ணா என்கிறார். இரண்டும் இல்லை என்றதும் மதமா என்றார். கோப்பை என்று நான் சொன்னபோது நீங்கள் அதை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தீர்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

கோப்பையின் சொந்தக்காரர் குரோடா சார். சைட்டில் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவர். வெள்ளைத் தலை, சின்ன உருவம், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் பிறந்த ஊர் ஹாகி. கடலோர ஊர், அங்கே செய்யும் பாத்திரங்களுக்கும் அதே பெயர். இந்தக் கோப்பையை வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஊரில் ஒரு குயவரிடம் வாங்கியிருக்கிறார். குவைத், பஹ்ரைன், ருவைஸ் என்று எங்கே போனாலும் கூடவே வந்திருக்கிறது. வாங்கியபோது ஏறக்குறைய வெள்ளை என்றார். நான் பார்த்தபோது பழுத்த சப்போட்டாவைப் பிளந்த நிறம். ஹாகி மண் முழுசாக இறுகாது, மேலே பூசிய மெருகு வலை மாதிரி வெடித்திருக்கும். குடிக்கக் குடிக்க அந்த வெடிப்புகள் வழியாகத் தேநீர் உள்ளே இறங்கி நிறம் மாறும். ஏழு தடவை மாறும் என்று அந்த ஊரில் சொல்வார்களாம். சோப்பு போடக் கூடாது. குடித்தவனின் வாழ்க்கை அதில் சேர்ந்துகொண்டே வரும் என்றார் குரோடா சார். நம் பாஷையில் சொன்னால் எச்சில்.

தினமும் அவருக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தவன் நான். யாரும் சொல்லவில்லை, ஆபீஸ் பாயை அனுப்பிவிட்டு நானே செய்தேன். தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், எந்தப் பக்கத்தைக் குடிப்பவர் பார்க்க வைக்க வேண்டும், எல்லாம் கற்றுக்கொண்டேன். அவர் விடைபெறும்போது கோப்பையை யாரிடமாவது விட்டுப் போவார் என்று தெரியும். முந்தைய சைட்களில் மற்ற பாத்திரங்களை அப்படித்தான் கொடுத்திருக்கிறார். இந்தக் கோப்பை எனக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். ஆசை என்று எழுதாதீர்கள், அக்கா. தகுதி என்று எழுதுங்கள்.

ஒரு நாள் மதியம் ஷமால் என்கிற புழுதிக்காற்று அடித்தது. புழுதியில் பக்கத்து கிரேன் தெரியவில்லை, வேலையை நிறுத்திவிட்டார்கள். குரோடா சார் தன் கேபினுக்கு என்னையும் ரெங்கண்ணனையும் கூப்பிட்டார். ரெங்கண்ணனை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வெல்டிங்கில் கெட்டிக்காரர்தான். ஆனால் பேன்ட்டில் கை துடைப்பவர், அடுத்தவன் தட்டிலிருந்து அப்பளத்தை ஒடித்துத் தின்பவர்.

அன்றைக்குத்தான் ஹாகியின் கதையைச் சொன்னார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஜப்பான்காரர்கள் கொரியா மேல் படையெடுத்துப் போனார்கள். கொன்றதற்குக் கணக்குக் காட்டத் தலைகளை அனுப்ப வேண்டும். கப்பலில் இடம் போதாததால் மூக்கை மட்டும் அறுத்து உப்பில் போட்டுத் தாழி தாழியாக அனுப்பினார்கள். திரும்பி வரும்போது கொரியக் குயவர்களையும் குடும்பத்தோடு பிடித்து வந்தார்கள். மூக்குகளை மேடு கட்டிப் புதைத்தார்கள், குயவர்களைச் சூளையில் உட்கார வைத்தார்கள். அந்தக் குயவர்களில் ஹாகியின் பிரபுவுக்கு வந்த பங்குதான் இந்தப் பாத்திரத்தின் வம்சம். இதைச் சொல்லிவிட்டு குரோடா சார் கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருக்கும் வெட்டைக் காட்டினார். பிரபுவுக்கென்று செய்ததைச் சாதாரண ஜனங்கள் வைத்திருக்கக் கூடாது, அதனால் குயவர்களே அடியில் ஒரு வெட்டு வெட்டிப் பழுது என்று சொல்லி விற்றார்கள் என்று ஒரு பேச்சு உண்டாம்.

"அப்போ பிரபுதான் அவங்களுக்குக் கஃபீல்," என்றார் ரெங்கண்ணன். "பாஸ்போர்ட்டை வாங்கி உள்ள வெச்சிருப்பாரு."

விசா கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கும் கஃபீல் என்றால் யாரென்று குரோடா சாருக்குத் தெரியும். தோள் குலுங்கச் சிரித்தார். அந்த நகைச்சுவை என்னுடையது. ஒரு நொடி முந்தி என் வாயில்தான் இருந்தது. கல்லூரியில் சுவர்ப்பத்திரிகை நடத்தியவன் நான், முதல்வரிலிருந்து வாட்ச்மேன் வரை என் கையால் கிழிபடாத ஆள் இல்லை. எல்லாரையும் பார்த்து எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

பிறகு குரோடா சார் தன் கையால் தேநீர் ஊற்றினார். மூன்று பேருக்கு ஒரே கோப்பை. மனசுக்கு நெருங்கியவர்கள் ஒரே பாத்திரத்தில் மாற்றி மாற்றிக் குடிப்பது தங்கள் வழக்கம் என்றார். முதலில் என்னிடம் நீட்டினார். முதலில் என்னிடம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் உதடு பட்டுப் பட்டுப் பழுத்த கோப்பை. அதில் என் உதட்டை வைப்பதா. நான் எழுந்து நின்றேன், தலையை அண்ணாந்தேன், கோப்பையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து அருவி மாதிரி தொண்டைக்குள் இறக்கினேன். கொதிக்கிற தேநீர். தொண்டை வெந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு சொட்டு சட்டையில் விழவில்லை. விளிம்பில் பொட்டு ஈரம்கூட இல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் யார் பார்த்திருந்தாலும் பையனை நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்கள்.

குரோடா சார் கோப்பையை வாங்கினார். விளிம்பைப் பார்த்தார், மறுபடி ஊற்றி ரெங்கண்ணனிடம் கொடுத்தார். அந்த மனுஷன் மீசையைக்கூட ஒதுக்கவில்லை. சர்ர்ரென்று உறிஞ்சிவிட்டு, "சூப்பர் சார், லேசா நம்ம முருங்கைக்கீரை சூப்பு வாசம்," என்றார்.

விடைபெறும் விழா மெஸ்ஸில் நடந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன், ஜப்பானிய மொழியில் நன்றி சொல்ல ஒரு பத்தி மனப்பாடம். குரோடா சார் மரப்பெட்டியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, "ரெங்கராஜ்-சான்" என்று கூப்பிட்டார். ரெங்கண்ணன் வாயில் பாதி சமோசாவோடு போய் வாங்கினார். எனக்கு மலைப்படம் போட்ட சுவர்க் காலண்டர். 2004ஆம் வருஷத்துக்கானது. கொடுத்த மாதம் 2004 அக்டோபர்.

நான் கோபப்படவில்லை. அவர் தவறு செய்துவிட்டார் என்று மட்டும் நினைத்தேன். தவறு என்றால் திருத்தலாம்.

கோப்பைக்கு ஃபிளாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் அதில் டீ குடித்தார், சர்க்கரை போட்டு, டின் பால் ஊற்றி. அதைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு சவரம் செய்யத் தண்ணீர் பிடித்தார். பிறகு வயிற்றுச் சூட்டுக்கு வெந்தயம் ஊறப்போட்டார். அந்த மண் எல்லாவற்றையும் குடிக்கும் என்று சொன்னேனே. ஒரு மனிதனின் வாழ்நாள் தேநீருக்கு மேல் வெந்தயம் ஏறியது.

"அண்ணே, அது அதுக்கான பாத்திரம் இல்லண்ணே."

"பாத்திரம்னா எதுக்குடா? ஊத்துறதுக்குத்தான். நீ என்ன சாமி சிலையப் பாக்குற மாதிரி பாக்குற?"

அப்புறம் பூனை. கேம்ப்பில் திரியும் சாம்பல் நிறப் பூனை. வேலை செய்யாமல் ஏசியிலேயே படுத்திருக்கிறது என்பதால் ரெங்கண்ணன் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். ஒரு நாள் டூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் மேனேஜர் அந்தக் கோப்பைக்குள் முகத்தை விட்டுப் பால் நக்கிக்கொண்டிருக்கிறது. ரெங்கண்ணன் பக்கத்தில் குத்தவைத்து, "சார் மெதுவா, சார் மெதுவா," என்று அதன் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் அவருக்கு ஓவர்டைம், நான் முன்னால் வந்துவிட்டேன். பூனையை நான் சித்திரவதை செய்யவில்லை. அதன் கழுத்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. என் மணிக்கட்டைத்தான் பிறாண்டிவிட்டது, பாருங்கள், இன்னும் தழும்பு இருக்கிறது. ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட்டேன். எந்த நாதாரி வண்டியை ஏத்தினானோ என்று ரெங்கண்ணன் வாய்விட்டு அழுதார். துண்டில் சுற்றி வேலிக்கு அந்தப் பக்கம் மணலில் புதைத்தார். நான்தான் குழி தோண்டிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி என் மணிக்கட்டைப் பார்த்து, "ஒயர் கிழிச்சிருச்சா? செப்டிக் ஆயிரும்டா," என்று அவரே டெட்டால் போட்டுவிட்டார். போட்டுக்கொண்டிருந்த கை நடுவில் ஒரு கணம் நின்றது. அப்புறம் முழுசாகப் போட்டுவிட்டு மூடியைத் திருகினார்.

வெள்ளிக்கிழமை காலை. லீவு நாள். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவர் மாவாட்டுவார். தேனியிலிருந்து அவர் மனைவி ராதிகா அண்ணி யாரிடமோ கெஞ்சிக் கொடுத்தனுப்பிய கிரைண்டர் அது. உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. குழவியைக் கழற்றிக் கழுவி மேடையில் நிறுத்தியிருந்தார். டீ போட்டுக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டார்.

"விமலு, இங்க வா. கீறல் ஆறிருச்சா?"

"ஆறிருச்சுண்ணே."

"மேனேஜர நீதான கொன்ன?"

ஆமாம் என்றேன். கேட்டால் நான் பொய் சொல்வதில்லை, அதை நீங்களே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். அவர் உள்ளே வந்து மேடையில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு கப்புக்காகவாடா? கிறுக்குப் பயலே. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே. எனக்கு என்னடா தெரியும் இதோட அருமை. இந்தா, வெச்சுக்க." கோப்பையை நீட்டினார். "உண்மையச் சொல்லவா? இது உனக்குன்னு வெச்சிருந்ததுதான். குரோடா சாரே சொன்னாரு."

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அன்னிக்கு நீ அண்ணாந்து குடிச்சியே, அதைப் பாத்து மனுஷன் ஆடிப்போயிட்டாரு. 'இந்தப் பையனுக்கு என் எச்சில் அருவருப்பா இருக்கு போல, குடுத்தா வாங்கவும் முடியாம மறுக்கவும் முடியாம சங்கடப்படுவான்'னாரு. நான் எவ்வளவோ சொன்னேன்டா. சார், அவன் மரியாதைக்குத்தான் அப்படிக் குடிச்சான், எங்க ஊருல அப்படித்தான்னேன். அவருக்கு விளங்கல. அப்ப நீ குடிச்சதை நான் ஒருக்கா நடிச்சுக் காட்டினேன் பாரு, மூஞ்சியெல்லாம் ஊத்திக்கிட்டு..."

சிரித்தார். பழைய ஞாபகத்தில் கண்ணில் நீர் வர, தொப்பை குலுங்கச் சிரித்தார். கேலி அதில் துளியும் இல்லை. பூனையைக் கொன்றவனை மன்னித்துவிட்டு, அவனையும் சேர்ந்து சிரிக்கக் கூப்பிடும் சிரிப்பு.

"பாத்து வாங்கு, சுடும்," என்றார்.

பெரியவர்கள் கொடுப்பதை இடது கையால் வாங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வலது கை காலியாக இல்லை. குழவி அதற்குள் வந்துவிட்டிருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. இளநீர் சீவும்போது வரும் சத்தம். கோப்பை விழவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். அவர்தான் விழுந்தார். விழுந்த பிறகும் என் லுங்கியைப் பிடித்து எழப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே பாதி இருந்தது, அது போகிற வரை அடிக்க வேண்டியிருந்தது. பல் உடைந்தது, மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. அப்போதுதான் கோப்பைக்குள்ளும் தெறித்திருக்க வேண்டும். சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவினேன். முழுசாகப் போகவில்லை. ஏழு மாற்றங்களில் இது எத்தனையாவது என்று குரோடா சார்தான் சொல்ல வேண்டும்.

அவரைக் குளியலறைக்கு இழுத்துப் போட்டு, கதவைத் திறந்து வைத்து ஏசியைக் கூட்டினேன். தரையைத் துடைத்தேன். உளுந்து ஊறிவிட்டிருந்தது, விட்டால் நாற்றம் வந்துவிடும். குழவியைக் கழுவி மாட்டி ஆட்டினேன். சனிக்கிழமை பக்கத்து ஃபிளாட்காரர்கள் என் கையால் இட்லி சாப்பிட்டார்கள். ரெங்கண்ணன் எங்கே என்று கேட்டார்கள், அவசரமாக ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். பஞ்சு மாதிரி இருக்கிறது, அவர் ஆட்டுகிற மாவு மாதிரியே இருக்கிறது என்றார்கள். அவ்வளவு நன்றாகவே கழுவியிருந்தேன், அக்கா. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தொலைபேசி அழைப்பு என்கிறீர்கள். உண்மைதான். வெள்ளிக்கிழமை மதியமே ஜப்பானுக்குப் போன் செய்து ரெங்கராஜ் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று குரோடா சாரிடம் சொன்னேன். அவர் மறுநாள் சைட் மேனேஜருக்குத் துக்கம் விசாரிக்கப் போன் செய்ய, அங்கே ஆள் செத்ததே யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் கதவை உடைத்தார்கள். ஆனால் சொல்லாமல் எப்படி இருப்பது. கோப்பைக்கு ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தால்தானே அடுத்தது யார் என்று அவர் சொல்ல முடியும்.

அவர் அழுதார். நான் அவ்வளவு தூரத்திலிருந்து ஆறுதல் சொன்னேன். அழுகை அடங்கக் காத்திருந்து, "கோப்பை பத்திரமாக இருக்கிறது சார், என்னிடம்தான் இருக்கிறது," என்றேன். அவர் சொல்வதற்குத் தேவையான இடைவெளியும் விட்டேன்.

"நன்றி, விமல்-சான்," என்றார். "அதை அவர் மனைவிக்குச் சேர்த்துவிடு."

மனைவி. நான் அதை யோசிக்கவே இல்லை. ஆகவே கோப்பை இப்போது ராதிகா அண்ணியுடையது, தேனியில். அவருக்கு அப்புறம் யாருடையது என்று குரோடா சார் சொல்லவில்லை.

பாஸ்போர்ட்டுகள் இருக்கும் அலமாரிச் சாவி டாக்குமெண்ட் கன்ட்ரோலரிடம்தான் இருக்கும். என்னுடையதை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலை அபுதாபி விமான நிலையத்தில் இவர்கள் என்னைப் பிடித்தபோது கோப்பை என் மடியில் இருந்தது, மரப்பெட்டியில், துணி முடிச்சோடு. தப்பித்து ஓடினேன் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்களாம். அது தவறு. ஒரு பெரிய மனிதர் சொன்ன சொல்லை நிறைவேற்றப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணியிடம் நேரில் கொடுப்பதுதானே மரியாதை.

கேப்டன் என்ன கேட்கிறார்? திரும்பச் சொல்லுங்கள், அக்கா.

கோப்பையைக் கொடுக்கப் போனவன் சூட்கேஸில் குழவியை எதற்கு எடுத்துப் போனான் என்றா?

அதுவும் அவர்கள் வீட்டுப் பொருள்தானே.